பெரட்டில் தொடங்கிய விளையாட்டு

வீடியோ கேம் தொடங்கியதுமே கமராவை வானத்தில் ஏற்றி மலையைச் சுற்றிக் காட்டுகிறவர்களை எனக்கு அடியோடு பிடிக்காது. பனிமூட்டம், புல்லாங்குழல், பச்சைப்பசேலென்று தேயிலை. ஒரு மனிதத் தலையும் தெரியாது. எங்கள் முதலாளிக்கோ அதுதான் உயிர். கொழும்பில் இருந்துகொண்டு தோட்டத்து வாழ்க்கையைக் கேம் ஆக்கப் புறப்பட்டவர். லிந்துலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள் என்பதற்காகவே என்னை வேலைக்கு எடுத்தார். எடுத்த பிறகு நான் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் காட்சியை நான் பெரட்டில் வைத்தேன். காலையில் எல்லோரும் கூடி நிற்க, கங்காணி பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம் அது. சிறுவயதில் எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், ஐந்து நிமிடம் பிந்திப் போன அம்மாவை அங்கிருந்துதான் திருப்பி அனுப்பினார்கள். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் உட்கார்ந்து அழுதார். அந்த அவமானம் விளையாடுகிறவர்களின் முகத்தில் அறைய வேண்டும் என்று எனக்கு வெறி. கேமில் வரும் பெண்ணுக்கு அம்மாவின் பெயரையே வைத்தேன். பெயர் கூப்பிட்ட மூன்று நொடிக்குள் பட்டனை அழுத்தாவிட்டால் கேம் ஆளைத் திருப்பி அனுப்பிவிடும்.

"இது ஒருத்தருக்கும் விளங்காது," என்றார் முதலாளி.

"எங்க அம்மாவுக்கு விளங்கும் சார்."

"அப்ப உங்க அம்மா இதைத் தாண்டட்டும். தாண்டினா வைப்போம். இல்லாட்டி என்னோட பனிமூட்டம்தான்."

பௌர்ணமிப் போயா லீவில் முதலாளி நானுஓயாவில் ரயில் இறங்கி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பாதை சரியில்லை என்று அலுத்துக்கொண்டே எங்கள் தேநீரைக் குடித்தார்.

முதலில் அவருடைய பனிமூட்டக் காட்சியைப் போட்டோம். அம்மா உற்றுப் பார்த்தார். "வெளிச்சம் வந்திருச்சி, மலையில ஒரு ஆளையும் காணோமே. வேலை நிறுத்தமா?"

எனக்கு வயிறு குளிர்ந்தது. அம்மாவின் விரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்தேன். "பேரு கூப்பிட்டதும் இத அழுத்தணும்மா." தலையாட்டினார்.

கங்காணியின் குரல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. அம்மாவின் பெயர் வந்தது. அவர் சட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டு, உரக்கச் சொன்னார்:

"இருக்கேங்க!"

பட்டன் அப்படியே கிடந்தது. மூன்று நொடி. "பிந்திட்ட, வீட்டுக்குப் போ," என்றது கேம்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை. ஆனால் நான் எரிந்து விழுந்தது அம்மாவின் மேல்தான். "பட்டன அழுத்தச் சொன்னேனேம்மா!"

அம்மா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத நீதானே செஞ்ச?"

"ஆமாம்மா."

"பிந்திப் போனப்பதான் அந்தக் கங்காணி என்னய திருப்பி அனுப்புனாரு. இருக்கேன்னு சொன்ன பொறகு ஒரு நாளும் அனுப்புனதில்ல," என்றார். "நீ அனுப்பிட்ட."