தண்ணீரைக் கொட்டிய கோடை

சுடுமணலில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் முதலில் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், பிறகு ஈர மண்ணோடு மீன் செதில் கலந்த ஒரு வாடை எழுந்து மூக்கில் ஏறும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை முழுக்க எங்கள் வீட்டு வாசலில் அந்த வாடைதான். வெயிலில் வரிசையில் நின்று, சண்டை போட்டு, இடுப்பில் சுமந்து கொண்டுவந்த தண்ணீரை அம்மாவே வாசலில் கொட்டினாள்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். ஆந்திர எல்லை பக்கம் என்பதால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்பாவை "நைனா" என்றுதான் கூப்பிடுவார்கள்; நானும் தம்பி சரவணனும் அப்படித்தான். நைனா ஏரியில் இறால் பிடித்தார். அவர் கொண்டுவருவதை அம்மா பொன்னேரிக்கு பஸ்ஸில் எடுத்துப்போய் விற்றுவிட்டு வருவாள். தேவகி என்றால் மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும், அப்படி ஒரு வாய்.

அந்த வருடங்களில் ஏரியில் மீன் குறைந்துகொண்டே வந்தது. தண்ணீரில் யாரோ எதையோ விடுகிறார்கள் என்று டீக்கடையிலும் குழாயடியிலும் ஓயாமல் பேச்சு. அதனால் அம்மா ஒருநாள் குடத்தை மோந்து பார்த்துவிட்டு, "இதுல இன்னாவோ கலந்துகீறாங்க" என்று சொன்னபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். எல்லோருக்கும் இருந்த பயம் எந்த இடத்தில் அவளுக்கு மட்டுமான பயமாக மாறியது என்று இன்றுவரை எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை.

முதலில் கலப்பது ஏதோ கம்பெனிக்காரர்கள் என்றாள். பிறகு குழாயடியில் முன்னால் நின்ற பெண் என்றாள். பிறகு நைனாவின் அக்காவான பக்கத்து வீட்டு ரமணம்மா அத்தை. கடைசியில் நைனா. தூக்கம் அவளை விட்டுப் போயிருந்தது. நான் எப்போது புரண்டு படுத்தாலும் அவள் சுவரில் சாய்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பொன்னேரிக்குப் போவதை நிறுத்தினாள். எங்களுக்கு இளநீர் மட்டும் கொடுத்தாள், அதையும் அவள் கண்ணெதிரில் வெட்டினால்தான். நானும் தம்பியும் அத்தை வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய் ஒளிந்து தண்ணீர் குடித்துவிட்டு, உதட்டைப் பாவாடையிலும் சட்டையிலும் துடைத்துக்கொண்டு திரும்புவோம். அம்மா எங்களை அருகே இழுத்து வாயை மோந்து பார்ப்பாள். அந்த நேரத்தில் மூச்சு விடவே எனக்குப் பயமாக இருக்கும்.

"காத்து கருப்பு பட்டுகிச்சு, மந்திரிச்சா சரியாப்பூடும்" என்றாள் அத்தை. ஒருவர் வந்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டுப் போனார். இன்னொருவர், இப்படிப்பட்டவர்களைக் கட்டிப் போட்டு வைக்கும் கோயில் ஒன்று இருக்கிறது என்று நைனாவிடம் சொன்னார். நைனா வலையைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஜெயந்தி என்ற பெண் எங்கள் குப்பத்துக்கு வந்தார். மனநலம் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு குழுவைச் சேர்ந்தவர். வீடு வீடாகப் போய், நன்றாகத் தூங்குகிறீர்களா, மனசு பாரமாக இருக்கிறதா, வீட்டில் யாராவது தனக்குத்தானே பேசுகிறார்களா என்றெல்லாம் கேட்டார். எங்கள் வீட்டில் நைனா வாசலை மறித்து நின்றுகொண்டு, "எங்க ஊட்ல அதெல்லாம் ஒண்ணும் இல்லமா" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து அம்மா வந்து ஒரு குடத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். ஜெயந்தி தன் செருப்பை நனைத்த தண்ணீரைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். "சனிக்கிழமைல பள்ளிக்கூடத்துல இருப்போம்ணா. எதுனா பேசணும்னா வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நைனா போகவில்லை.

ஒரு சனிக்கிழமை நண்பகல். நைனா ஏரியில் இருந்தார். அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைத் தாழ் போட்டாள், ஜன்னலைச் சாத்தினாள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கதவில் முதுகை வைத்து உட்கார்ந்து எங்கள் இருவரையும் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. என் தலையைக் கோதிக்கொண்டே, "வெளிய போனா குடுத்துருவாங்க பாப்பா. அம்மா இருக்கேன்ல" என்று அன்பாகச் சொன்னாள்.

தம்பி தண்ணீர் கேட்டு அழுதான். அழுகைச் சத்தம் கேட்டு அத்தை வந்து கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது. கதவை உடைக்கலாம் என்று ஒரு ஆண் குரல் சொன்னதும் அம்மா மீன் நறுக்கும் "அருவாமணை"யை இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அதற்குள் கரைக்கு வந்திருந்த நைனாவின் குரல் கேட்டது. "தேவகி, தொற தேவகி" என்று முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார். அவர் குரல் கேட்கக் கேட்க அம்மாவின் பிடி இறுகியது. என் தோளில் அவள் நகம் பதிந்தது.

பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஓடியிருக்க வேண்டும். திடீரென்று வெளியே சத்தம் அடங்கியது. "கதவ யாரும் தொடாதீங்க. எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று ஜெயந்தியின் குரல். பிறகு அதே குரல் கதவுக்குக் கீழிருந்து, உட்கார்ந்துகொண்டு பேசுவதைப் போல வந்தது.

"தேவகிக்கா, நான் ஜெயந்தி. அன்னிக்கு வந்தேன்ல."

அம்மா கதவுப் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு, "தண்ணில கலந்துகீறாங்க" என்றாள்.

"உங்களுக்கு ரொம்ப பயமா இருக்கும்ல."

அம்மா மூச்சை இழுத்து விட்டாள். அத்தனை நாளில் இல்லை என்றோ ஆமாம் என்றோ சொல்லாமல் அவளிடம் பேசிய முதல் ஆள் அவர்தான்.

"தூங்கி எத்தினி நாளாச்சுக்கா?"

"நான் தூங்கிட்டா புள்ளைங்கள யாரு பாத்துக்கறது?" என்று கேட்டாள் அம்மா.

அப்போதுதான் தம்பியின் அழுகை நின்றிருப்பதைக் கவனித்தேன். அவன் தலை அம்மாவின் கையில் தொங்கியது, உடம்பு அனலாகக் கொதித்தது. "மா, தம்பி கண்ணு தொறக்கல" என்றேன். அம்மா அவன் கன்னத்தைத் தட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் எங்கனா குடிச்சீங்களா?" என்று கேட்டாள். அருவாமணை அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"குடிச்சோம்மா. தெனமும் அத்தை ஊட்ல குடிச்சோம்."

அம்மாவின் முகம் அப்படி மாறி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அருவாமணையைக் காலால் மூலைக்குத் தள்ளினாள். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து, தாழை அவளே திறந்தாள். "எம் புள்ளைங்க குடிச்சிருச்சுங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க" என்று, யாரைக் கண்டு அவ்வளவு பயந்தாளோ அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று கெஞ்சினாள். கதவு திறந்ததற்குக் காரணம் அவள் பயம் தெளிந்தது என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் நாங்கள் விஷம் குடித்துவிட்டோம் என்று நம்பியதால்தான் அவள் திறந்தாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் தம்பிக்கு குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் கண் திறந்து பன்ரொட்டி கேட்டான். அவன் பிழைத்தான் என்று பார்த்த பிறகுதான் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஜெயந்தி அவளிடமே கேட்டு, திங்கட்கிழமை திருவள்ளூருக்கு மனநல டாக்டரிடம் அழைத்துப்போனார். "காத்து கருப்பு இல்லீங்களா சார்?" என்று நைனா கேட்டதற்கு டாக்டர், "சக்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு நோய்ப்பா. மாத்திரைய மட்டும் வுடாத" என்றார்.

மாத்திரை எல்லாவற்றையும் உடனே சரியாக்கிவிடவில்லை. அதைச் சாப்பிட்டதில் அம்மாவுக்குக் கை நடுங்கியது, உடம்பு பெருத்தது, மார்க்கெட்டில் ஊரைக் கூட்டிய அந்த வாய் குழறியது. நன்றாகிவிட்டது என்று ஒருமுறை மாத்திரையை நிறுத்திவிட்டாள், பயம் திரும்பி வந்தது. இந்த முறை நைனா பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே சனிக்கிழமைகளில் எங்களைப் போன்ற குடும்பங்கள் கூடும். கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலையில் வேலை செய்யும் ஒருவர் தன் மகனோடு வருவார். யார் வீட்டில் யார் தூங்கவில்லை, மாத்திரை சாப்பிட மறுப்பவரிடம் எப்படிப் பேசுவது, ஊர் கேட்டால் என்ன சொல்வது என்பதெல்லாம்தான் பேச்சு. கடைசி பெஞ்சில் வழி தவறி வந்தவரைப் போல உட்கார்ந்திருந்த நைனா, பல வாரம் கழித்து ஒருநாள் எழுந்து, "எங்க ஊட்ல ஒண்ணும் இல்லன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்" என்றார். உடனே உட்கார்ந்துவிட்டார். இரும்பு ஆலைக்காரர் அவர் முதுகில் கை வைத்தார்.

இப்போது நான் செவ்வாப்பேட்டையில் இருக்கிறேன், ரயில் பிடித்து வேலைக்குப் போய்வருகிறேன். அந்த ஆராய்ச்சி முடிந்து குழுவினர் என்றோ போய்விட்டார்கள். ஜெயந்திக்கு வேறு மாவட்டத்தில் வேலை. சனிக்கிழமைக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் குறைந்து நின்றுபோனது. அவர்கள் உட்கார்ந்த வகுப்பறையே இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். எங்கள் குப்பத்தில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் எங்கே போவது என்று சொல்ல ஆள் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் வேலை முடிந்து வரும் வழியில் அம்மாவுக்கு போன் செய்தேன். பின்னால் ஒரே இரைச்சல். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் என்றாள். அவளுக்குத்தான் ஏதோ என்று பதறிப்போய் நடைமேடையிலேயே நின்றுவிட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. பின்னாடி தெருல புதுசா கல்யாணமாகி வந்துச்சே ஒரு பொண்ணு, அது தூங்கவே மாட்டேங்குதாம். அவ புருசன் வந்து கேட்டான், கூட வந்துகீறேன்" என்றாள் அம்மா.

சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"எங்க சாப்பிடறது? அந்தப் பொண்ணு என் கைய வுடமாட்டேங்குது. டாக்டர் கூப்புடறாரு, அப்புறமா பேசறேன்" என்று சொல்லி போனை வைத்தாள்.