குமாரி கழற்றிய ஹெட்போன்

கலைவேந்தனால் ஓர் இடத்தில் சும்மா உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். நான் டிரம்ஸ் அடிக்கிறவன். அந்தக் காலைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதி ஆயுசு போச்சு. ஒரு நாளாவது என் தாளத்துக்கு ஆடித் தொலைக்குமா என்றால், கிடையாது.

ஏம்பலத்துக்காரன். வில்லியனூரில் ஏசி ரிப்பேர் வேலை, மற்ற நேரமெல்லாம் கிட்டார். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த எங்களை உசுப்பிவிட்டு, “நம்ம பாட்ட நாமளே போடுவோம்டா பாக்யராஜு” என்று ராக் பேண்ட் ஆரம்பித்தவன் அவன்தான். குமரவேலின் கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டகையில் பயிற்சி. பேண்டுக்கும் அதே பெயர், ‘மோட்டார் கொட்டாய்’. குமரவேல் இன்னொரு கிட்டார். பாட்டு ஆண்டனி.

முதல் ஆல்பம் வந்து நாலு காலேஜில் கூப்பிட்டார்கள். இரண்டாவதற்கும் ஆண்டனி பாட்டுகளை ஒத்திகையாகப் பாடிப் பதிவு செய்து வைத்தான். அதற்குள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரிஸ் போய்விட்டான். “அடுத்த பொங்கலுக்கு வந்துர்றேன் மச்சான்” என்பான். பொங்கல்தான் வந்தது. கலை மட்டும் நம்பினான். ஏணி மேல் நின்று ஏசி மாட்டிக்கொண்டிருந்தாலும், ஆண்டனி போன் என்றால் இறங்கி ஓடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் கலை திடீரென்று வந்து நின்றான். “ரெண்டாவது ஆல்பம் போடறோம். இல்லன்னா கிட்டார ஒடச்சி அடுப்புல வெச்சிர்றேன்.” பாடுவதற்குச் சுத்துக்கேணி விஜயகுமாரியைக் கூட்டி வந்தான். ஆட்டோவில் மைக் பிடித்துக்கொண்டு கடை திறப்பு, கண் முகாம், சாவுச் செய்தி எல்லாம் ஊர் ஊராகச் சொல்லிப் போகிற பெண். சந்தைக் கூச்சலையும் பஸ் ஹாரனையும் தாண்டிக் கேட்கிற குரல்.

அந்தக் குரலை இவன் என்ன செய்தான் தெரியுமா? அவள் காதில் ஹெட்போனை மாட்டி, ஆண்டனியின் பழைய ஒத்திகையை ஓடவிட்டான். “அவன் எங்க இழுக்கறானோ அங்க இழு. எங்க மூச்சு வுடறானோ அங்க வுடு.” பாவம், அவளும் பாடினாள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்ட தங்கச்சி மாதிரி எல்லாப் பாட்டும் தொளதொளவென்று வந்தது. இவன் திருப்பிப் போடு, திருப்பிப் போடு என்று எங்கள் உயிரை வாங்கினான்.

கடைசிப் பாட்டைப் பதிவு செய்கிற அன்று, மதியம், கொட்டகைக்குள் நுழையும்போதே குமாரி சொல்லிவிட்டாள். “இதுவும் தேறலன்னா நான் வரமாட்டேண்ணா. இன்னாத்துக்கு என்னக் கூப்ட்ட? அவரையே கூப்ட்டுக்க.”

அவள் போனால் ஆல்பமே இல்லை. கலையின் கால் தறிகெட்டு ஆடியது.

எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்வோம். அதற்கு முன் குமரவேல் மோட்டார் சுவிட்சை ஆட்டோவிலிருந்து மாற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் கொல்லைக்கு விடுகிற த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். அவனும் மாற்றித்தான் வைத்தான். கரும்பு காய்கிறதே என்று அவன் அப்பா வந்து திரும்பவும் ஆட்டோவில் போட்டுவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது.

இரண்டாவது சரணம். த்ரீ பேஸ் வந்தது. கொட்டகையே அதிர மோட்டார் ஓட ஆரம்பித்தது.

போச்சுடா என்று நான் குச்சியைக் கீழே வைக்கப் போனேன். குமாரி நிறுத்தவில்லை. ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது, பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மோட்டாருக்கு மேலே குரலை ஏற்றினாள். ஆண்டனி இழுத்த இடத்தில் இவள் வெட்டினாள், அவன் குழைந்த இடத்தில் இவள் அதட்டினாள். வெறி பிடித்த மாதிரி அடித்தேன்.

பாட்டு முடிந்தது. குமரவேல் ஓடிப்போய் மோட்டாரை அமர்த்தினான். பதிவில் மோட்டார் இரைச்சல்தான் பாதி, அது உதவாது.

“இன்னொரு வாட்டி பாடறேன். ஆனா இத மாட்ட மாட்டேன்” என்று குமாரி ஹெட்போனை நீட்டினாள்.

கலை அதை வாங்கித் தன் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டான். கண் கலங்கிவிட்டது. “நல்லாத்தான் பாடியிருக்கான் படுபாவி” என்றான். பிறகு ஹெட்போனைச் சுருட்டி உர மூட்டைமேல் போட்டான்.

மறுபடி ஆரம்பித்தோம். குமாரி இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது மூட்டைமேல் கிடந்த கலையின் போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன், ஆண்டனி. கலையும் பார்த்தான்.

பாட்டு முடியும்வரை கலை எடுக்கவில்லை.