தாராவி மாடியில் இருபது மழைக்காலங்கள்

காலை 7.10, கல்யாண். திருநெல்வேலியில் ஏறிய ரயிலை விட்டு இறங்கி, தாராவிக்குப் பக்கத்திலுள்ள சயானுக்கு லோக்கல் ரயில் டிக்கெட் வாங்கினேன். பதினைந்து ரூபாய், ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். பெண்கள் பெட்டியில் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டவாளத்தை ஒட்டிய பாலக் கீரைப் பாத்திகள் இன்னும் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் இருபத்தைந்து வயது திரும்பி வந்துவிட்டது போல ஒரு மகிழ்ச்சி.

"சயானா? இப்பவே வாசல் கேட்டுக்குப் போயிருங்க. இந்தக் கூட்டத்துல குர்லா தாண்டி எந்திரிச்சா சயான விட்டுட்டு மாட்டுங்காலதான் எறங்கணும்" என்றார் பக்கத்துப் பெண்மணி. அந்த மாட்டுங்காவில்தான் வாடகை அறையில் தங்கி, இருபது வருடங்களுக்கு முன் ஆய்வு செய்தேன். சாக்கடை நீரில் வளரும் கீரையை மழை எவ்வளவு கழுவிவிடுகிறது என்பது என் கேள்வி. அதற்குத் தாராவியிலேயே மழையை அளக்க வேண்டியிருந்தது. தோல்பை தைக்கும் கார்கானா வைத்திருந்த மேலப்பாளையத்துக்காரர் செய்யது பாய், தன் மொட்டைமாடியில் மழைமானி வைக்க இடம் கொடுத்தார். "மழைய அளந்தா பட்டம் குடுப்பாவளா? அப்ப எங்க வீட்டு ஒழுகலுக்கு எத்தன பட்டம் வரணும்!" என்று தினமும் கிண்டல் செய்வார்.

ஒரு மழைக்காலம் அளந்தேன். கிளம்பும்போது அவர் மனைவி மைமூன் அக்காவுக்கு அளவெடுக்கச் சொல்லிக் கொடுத்து, "அடுத்த மழைக்கு வந்துருவேன், அதுவரைக்கும் நீங்க பாத்துக்கோங்க" என்றேன். பட்டம் வந்தது, ஊரில் எங்கள் கல்லூரிப் பண்ணையிலேயே வேலை வந்தது. நான் மட்டும் வரவில்லை.

போன மாதம் அக்காவிடமிருந்து போன். மழைமானியின் அடியில் நான் பெயின்ட்டால் எழுதியிருந்த எங்கள் துறையின் போன் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். "கட்டடத்த இடிக்கப் போறாவ தங்கச்சி. ஒங்க டப்பாவ என்ன செய்ய? மழை எழுதுன சீட்டெல்லாம் வேற கெடக்கு." இருபது வருடச் சீட்டு! எனக்குத் தலைகால் புரியவில்லை. டிக்கெட் எடுப்பதிலேயே குறியாக இருந்து, பாய் சுகமா என்று கேட்கக்கூட மறந்துவிட்டேன்.

காலை 9.00, தாராவி. சயான் ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிட நடை. சந்துக்குள் நுழைந்ததும் பதப்படுத்திய தோலும் பசையும் கலந்த அந்தப் பழைய வாசனை. அக்கா என்னைப் பார்த்ததும், "அடுத்த மழை இப்பத்தான் வந்துச்சாக்கும்!" என்று சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டார்.

மழைக்காலத்துக்கு ஒன்றாக, தையல் கோணிப்போய் விற்காமல் கிடந்த தோல்பைகளை எடுத்து வைத்தார். உள்ளே தினசரிக் காலண்டர் தாள்கள். விடியலில் சுபுஹு தொழுத கையோடு மாடியேறி மழைமானியைப் பார்ப்பார். இறங்கி வந்து தாளைக் கிழித்து, பின்பக்கம் அளவை எழுதிப் பையில் போடுவார். ஆனால் நிறையத் தாள்களின் பின்பக்கம் ஒன்றுமே இல்லை.

"ஏன்க்கா இதுல எழுதல?"

"மழை பெய்யலன்னா என்னத்த எழுத?"

மழையில்லாத நாளுக்குப் பூஜ்யம் எழுத வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வெறுந்தாள் என்றால் மழை இல்லையா, அக்கா பார்க்கவில்லையா? அது தெரியாமல் எந்த ஆய்விதழும் இதை ஏற்காது. இருபது வருட உழைப்பும் என் மறதியால் வீண்.

"ஊருக்குப் போன நாள்ல என்ன செய்வீங்க?"

"வந்து மொத்தமா கிழிச்சுப் போட்டுருவேன். பாக்காத நாள எதுக்கு ஒவ்வொண்ணா பிரிக்கணும்?" என்று ஒரு சின்னத் தாள்கட்டை எடுத்துக் காட்டினார். தாள்கள் மேல்விளிம்பில் பசையோடு ஒட்டியே இருந்தன.

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. தனித்தாள் வெறுமையாக இருந்தால் பார்த்தார், மழையில்லை. ஒட்டியிருந்தால் பார்க்கவில்லை. ஒரு நாள்கூடக் குழப்பமில்லை! "பாய் எங்கே போயிருக்காரு? அவர்ட்டதான் இத மொதல்ல சொல்லணும்" என்றேன்.

அக்கா இன்னொரு பையைத் திறந்தார். அதில் ஒரு விரல் தடிமனுக்கு ஒரு கட்டு, பிரியாமல் ஒட்டியிருந்தது.

"நாலு மாசம் பத்து நாளு" என்றார். "இத்தா இருந்தேன்."

கணவர் இறந்தபின் மனைவி வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. நான் கட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஜூன் மாதத்தில் தொடங்கி மழைக்காலம் முடியும்வரை.

"அப்ப சரியான மழை. தகரத்துல அடிக்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். மாடிக்கு ஏற முடியாதுல்லா. அந்த வருசம் மட்டும் விட்டுப்போச்சு தங்கச்சி, தப்பா நெனைச்சுக்கிடாதீய."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு அவரே எழுந்துபோய்ச் சாயா போட்டுக்கொண்டு வந்தார்.

மாலை 4.30. பைகளை ஒரு பெரிய மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். மழைமானியைக் கழற்றப் போனபோது தடுத்தார். "இருக்கட்டும். இடிக்கிற வரைக்கும் மழை பெய்யும்லா?"

திரும்பும் லோக்கலில் மூட்டை என் மடியில் இருந்தது. எங்கள் பண்ணையின் மழைப் பதிவேடு நினைவுக்கு வந்தது. அதில் விடுபட்ட நாளே கிடையாது என்று எங்களுக்குப் பெருமை. அளவெடுத்து வந்த ஊழியர் இறந்த நாளன்றும் யாரோ அழகான கையெழுத்தில் 0.0 என்று எழுதியிருக்கிறார்கள். அன்று நாங்கள் எல்லோரும் அவர் வீட்டு வாசலில் மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றோம்.