நகை போட்ட குட்டி லாரிகள்

ராத்திரியில், கீழே மலைப்பாதைப் பக்கம் டங்கென்று ஒரு சத்தம். அப்புறம் கிர்ர்ரென்று ஏதோ இழுபட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. கரடி இப்படிக் கத்தாது, கடைசி பஸ்ஸும் எப்போதோ போய்விட்டது. என் வீட்டுக்காரர் போளூரிலிருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டியவர், இன்னும் வரவில்லை. போன் போகவில்லை. பாப்பா தூங்குகிறாள். கதவை வெறுமனே சாத்தி வைத்திருக்கிறேன். தாழ்ப்பாள் போட்டால் அவர் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பயத்துக்கு மருந்தாக இதை எழுதுகிறேன்.

ஜமுனாமரத்தூரில் குட்டி லாரி விற்பது என் பிழைப்பு. போளூர் ஷோரூமின் கிளை என்று பேர்; உள்ளே ஒரு மேசை, ஒரு ஃபேன், வாசலில் ஒரு வண்டி. இது கழித்தல் கணக்குத் தொழில். வண்டி, டிரைவர், டீசல், சரக்கு எல்லாம் சேர்த்து மொத்தம் இவ்வளவு கிலோதான் என்று கம்பெனி ஓர் எல்லை வைத்திருக்கிறது. நீங்கள் எதை மாட்டினாலும் எல்லை நகராது. மாட்டியதன் எடை சரக்கிலிருந்துதான் போகும். கான்வென்ட்டில் சிஸ்டர் என் முட்டியில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக்கொடுத்த அதே கழித்தல்தான். உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கும் என் இனத்தாரே, நீங்களாவது கேளுங்கள்.

மொட்டை வண்டி

விளம்பரத் தாளில் 'ஒன்றரை டன் ஏற்றலாம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது மொட்டை வண்டிக்கு. ஏசி, உயரமான பக்கத் தடுப்பு, தார்ப்பாய்க் கம்பி எதுவும் அதில் கிடையாது. மொட்டையாக ஓட்டுகிறவர் இந்த மலையில் ஒருத்தரும் கிடையாது. பெண்ணுக்கு நகை போடுகிற மாதிரி வண்டிக்குப் போடுவார்கள்.

சாமை வியாபாரி ஒருவர் எல்லா நகையும் போடச் சொல்லிவிட்டு, அதே ஒன்றரை டன்னையும் கேட்டார். எவ்வளவு இரும்பு ஏறுகிறதோ அவ்வளவு சாமை இறங்கணும் என்றேன். எழுந்து போனவர் திரும்பவில்லை. அன்று சாயங்காலம் போளூரிலிருந்து மேனேஜர் போன் போட்டார். "உண்மைய சொல்ல வேணாம்னு நான் சொல்லவே இல்லம்மா. டெலிவரி குட்த்துட்டு சொல்லுன்றேன்."

ஒரு பட்டை கூட

பின்சக்கரத்துக்கு மேலே அடுக்காக வளைந்து வண்டியைத் தாங்குவது கமான் பட்டை. அதில் ஒன்று கூடுதலாகச் சொருகினால் வண்டியின் தகுதியே கூடிவிடும் என்பது இங்கே கிட்டத்தட்ட மதம். புளி வியாபாரி ஒருவர் அந்த மதத்தைச் சேர்ந்தவர்.

"பட்டை தாங்கும் அண்ணே, பிரேக்கு? அச்சு? டயரு? அதெல்லாம் பழைய அளவுதானே? அதிகம் ஏத்தணும்னா, எல்லாமே பெருசா வர்ற அடுத்த மாடல்தான் வாங்கணும்" என்றேன். ஜுரத்தில் உளறுகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பிரேக்க எவன் பாக்கறான்? லோடு தாங்காம வண்டி குந்திச்சினா ஊரே பாக்கும்மா."

ஆட்டுக்கு மாடி வீடு

இங்கே ஒரு வழக்கம். பதிவுக்குப் போகும்போது வண்டி நோஞ்சானாகப் போகும். பதிவு முடிந்த மறுநாளே வெல்டிங் கடையில் விருந்து. ஆர்.சி. புக்கில் இருப்பவர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, ரோட்டில் ஓடுகிறவர் கல்யாணமாகித் தொப்பை போட்டவர்.

ஆட்டு வியாபாரி ஒருவர் இப்படித்தான் வண்டிக்குள் இரும்பில் ஒரு மாடியே கட்டிவிட்டு, முதல் சர்வீசுக்கு வந்தார். கீழே ஒரு மந்தை, மேலே ஒரு மந்தை. மாடியின் எடை, இரண்டு மந்தையின் எடை என்று நான் ஆரம்பித்ததும் அவருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. "ஆடு இன்னாம்மா லோடு? அதுங்க பாட்டுக்கு நின்னுகினுதானே வருதுங்க!"

வீட்டுக் கஸ்டமர்

என் மேசையில் வண்டி எடுத்தவர்களிலேயே மோசமானவர் என் வீட்டுக்காரர். நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, முன்னால் பம்பரைக் காக்க, எருமை மாட்டைக் கட்டலாம் போல ஓர் இரும்பு கார்டு, தலைமேல் கேரியர், பின்னால் கூடுதல் பட்டை எல்லாம் மாட்டிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் எனக்கு எடை குறைந்திருந்தது, வண்டிக்குக் கூடியிருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. கழட்டிவிடுங்க, இல்லாட்டி மூட்டையையாவது குறைங்க என்று கெஞ்சினேன். "ஷோரூம் பாடத்த வூட்ல எடுக்காத. மலையில வண்டி ஓட்றது நானா, உன் கான்வென்ட் கணக்கா?"

டங்... டங்...

இந்த வரிவரை எழுதியபோது அந்தச் சத்தம் மறுபடி வந்தது. இந்த முறை நிற்கவில்லை. டங், டங் என்று வாசல்வரை வந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். சுவரில் ஒற்றை ஹெட்லைட் வெளிச்சம். எங்கள் வண்டிதான். முன்னால் இருந்த கார்டு ஒரு பக்கம் பிய்ந்து, தரையில் இடித்துத் தொங்கியது.

கீழே செங்குத்து வளைவில் எஞ்சின் நின்று, வண்டி பின்னால் உருள ஆரம்பித்திருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்ததில் வண்டியின் முகம் பாறையில் மோதி இழுபட்டு நின்றிருக்கிறது. எதிர்ப்பக்கம் பள்ளம். பிறகு வளைவு டீக்கடைக்காரரும் அவர் மகன்களும் மூட்டைகளில் பாதியை இறக்கிக் கடையில் அடுக்க, மீதியோடு ஏறி வந்திருக்கிறார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் சொம்புத் தண்ணீரில் பாதி அவர் சட்டையில் கொட்டியது.

அவர் பாப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார். "கார்டு, கேரியர் எல்லாத்தையும் காலையிலயே கழட்டிட்றேன். அந்த எக்ஸ்ட்ரா பட்ட மட்டும் இருக்கட்டும்டி, வண்டி குந்திச்சினா ஊரே பாக்கும்."

எடைக் கணக்கு பார்க்காமல் இந்தத் தொழிலில் நான் மனதார மாட்டிய ஒரே இரும்பு, இப்போது உள்ளேயிருந்து போட்ட எங்கள் வாசல் கதவின் தாழ்ப்பாள்தான்.