செங்காவித் தீவில் ஆயுத பூஜை

கார்மேகத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஜெபல் அலி தொழிலாளர் கேம்பில் கேட்டால் யாரும் சொல்வார்கள். கமுதிப் பக்கத்துக்காரன், வளைகுடாவில் பல வருஷமாகப் பொக்லைன் ஓட்டுகிறான். வாயைக் கட்டியிருந்தால் இந்நேரம் ஃபோர்மேன் ஆகியிருப்பான்.

போன வருஷம் கம்பெனி அவனை ஒரு தீவுக்கு அனுப்பியது. பூமிக்குள் இருந்த உப்பு மேலே தள்ளி எழுப்பிய தீவு. பாறையெல்லாம் சிவப்பும் ஊதாவுமாக இருக்கும். அந்தக் காலத்தில் உளியால் செங்காவிக் கல் வெட்டிக் கப்பலேற்றிய சுரங்கமும் கரையோரம் இருக்கிறது. அரசாங்கம் பாதுகாக்கும் இடம். பார்க்க வருகிறவர்களுக்கு மரப்பாதை போடுவதுதான் வேலை. ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது என்று உத்தரவு.

ஆயுத பூஜை வந்தது. சாமான் படகில் குங்குமம் வரவில்லை. கூட வேலை பார்த்த ஜெயமணி, பாவம், விவரமில்லாமல் சுரங்கச் சுவரைச் சுரண்டினான். அந்தச் செம்மண்ணைக் குழைத்து மண்வெட்டி முதல் பொக்லைன் வரை பொட்டு வைத்துவிட்டான்.

மறுநாள் தீவைப் பாதுகாக்கும் துறையிலிருந்து நஜீஹா மேடம் சோதனைக்கு வந்தார். பழைய உளித் தழும்புகளுக்கு நடுவே புதுச் சுரண்டல் பளிச்சென்று தெரிந்தது. சைட் இன்ஜினீயர் சேதுமாதவன் கொஞ்சமும் யோசிக்காமல் ஜெயமணியைக் கைகாட்டினார்.

"இவன்தான் மேடம். இங்க நடந்த டேமேஜ் எல்லாமே இவன் வேலை. நாளைக்கே ஊருக்கு அனுப்பிடறேன்."

எல்லாமேவா? கார்மேகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று கரையோரப் பாறை முகட்டையே வெட்டச் சொன்னது யார்? வெட்டியதை மணல் கொட்டி மூடச் சொன்னது யார்? விரலளவு சுரண்டியவன் தலையில் எல்லாவற்றையும் தூக்கி வைக்கிறானே, பாவி! இந்தப் பழியோடு ஊருக்குப் போனால் ஜெயமணி வளைகுடாவுக்குத் திரும்பி வரவே முடியாது.

"கார்மேகம், நீ சும்மா இரு" என்றார் இன்ஜினீயர், அவன் முன்னால் வருவதைப் பார்த்து.

"சும்மா இருக்க முடியாது சார்!"

கத்திவிட்டு, மேடத்தைக் கூப்பிட்டுக்கொண்டு விறுவிறுவென்று மணல்மேட்டுக்குப் போனான். மண்வெட்டியால் மணலை வாரி இறைத்தான். அடியில் பாறை முழுக்கப் பொக்லைன் பல் பதிந்த தடம். அரைகுறை இந்தியில் சொன்னான்:

"மேடம், இதை வெட்டுனது நான். வெட்டச் சொன்னது இவரு. ஜெயமணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

சேதுமாதவன் முகம் சுண்டிப்போனது. விசாரணையில் அவர் வேலை போனது, கார்மேகத்துக்கும் வேலை கலாஸ். ஜெயமணி எச்சரிக்கையோடு தப்பினான்.

படகுத் துறையில் அவன் கார்மேகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "என்னால உங்க பொழப்பு போச்சேண்ணே."

"ஒன்னால ஒண்ணும் போகல. அவன் சொன்னான்னு வெட்டுனேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கணும். இங்கன நின்னு அழுகாம, போயி அந்தப் பாறைய மூடியிருக்க மிச்ச மணல அள்ளு. கையால அள்ளு. மறுபடி அந்தப் பாறை மேல வண்டிய ஏத்துனே, கொன்னுபுடுவேன்!"