டெய்ரிக்காரன், மருந்துக்கடைக்காரன், டாக்ஸிக்காரன்

சினிமாவில் சின்ன வேஷம் போடுகிறவனால் தன் படத்தை நிம்மதியாகப் பார்க்க முடியாது; நாம் எப்போது வருவோம் என்று காத்திருப்பதிலேயே கதை போய்விடும். கலியாண வீடியோவில் உங்கள் முகத்தை மட்டும் தேடித் தேடிப் பார்த்தவராக இருந்தால் என் பாடு உங்களுக்கு விளங்கும். எனக்குப் பென்ரோஸில் ஒரு கிடங்கில் வேலை. நியூசிலாந்தின் இந்த ஒக்லாந்து நகரத்தில் படம் எடுக்கிறவர்களுக்கு என்னைப்போல் ஒரு முகம் தேவைப்பட்டால் ஏஜென்ட் கூப்பிடுவார். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நடிகனாகிவிடுவேன்.

டெய்ரி

இங்கே தெருமுனைக் கடைக்கு டெய்ரி என்றுதான் பெயர். எனக்குக் கிடைத்த முதல் வேஷமே டெய்ரிக்காரன். முகமூடித் திருடன் துப்பாக்கியை நீட்டுவான், நான் கையைத் தூக்க வேண்டும். ஒடாஹுஹுவில் பூட்டிக் கிடந்த ஒரு கடையைத் துடைத்து, சாமான் அடுக்கி, உண்மையான டெய்ரி மாதிரியே ஆக்கியிருந்தார்கள்.

இடைவேளையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று மனைவி சுகந்தியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டே ஒரு பெண் உள்ளே வந்தார். தமிழ்நாட்டுக்காரர். “ரெண்டு லிட்டர் பால் குடுங்க” என்றார். “அக்கா, இது ஷூட்டிங். போத்தலுக்குள்ள இருக்கிறது பாலில்லை, பெயின்ட் கரைச்ச தண்ணி” என்றேன். பக்கத்தில் திருடன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாமான் அடுக்கிய தட்டைப் பார்த்தார்.

“சரிங்க, பிரெட்டாவது நிஜந்தானே?”

உச்சரிப்பு

மார்செலை ஒரு டிவி தொடரில்தான் சந்தித்தேன். பாரிஸில் இளவயதிலிருந்தே வெயிட்டர், பாதிரியார், பக்கத்து வீட்டுக்காரர் என்று சின்ன வேஷமாகவே போட்டு வந்தவர். நியூசிலாந்துக்காரியைக் கலியாணம் செய்து இங்கே வந்துவிட்டார். இங்கே ரஷ்யன், ஜெர்மன்காரன், இத்தாலியன் எல்லாம் அவர்தான். அன்றைக்கு மட்டும் அதிசயமாகப் பிரெஞ்சுக்காரர் வேஷம். நான் மருந்துக்கடைக்காரன்.

இயக்குநர் சின்னப் பையன். என்னிடம், “உச்சரிப்பு இன்னும் கொஞ்சம் இந்தியனாக இருக்கட்டும்” என்றார். “நான் யாழ்ப்பாணம்” என்றேன். “அதேதான்” என்றார். அடுத்து மார்செலிடம் போய், “இன்னும் கொஞ்சம் பிரெஞ்சாக” என்றார். மார்செல் வெகு கவனமாகத் தலையாட்டிவிட்டு, முன்பு சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னார். இயக்குநர் பிரமாதம் என்றார். நானும் அதே வழியைப் பிடித்தேன். எனக்கும் பிரமாதம் கிடைத்தது.

தேநீர் குடிக்கும்போது மார்செல் சொன்னார்: “பாரிஸில் எத்தனையோ படம் நடித்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரனாக நடி என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.”

குடும்பத்தோடு பார்த்தது

அந்தத் தொடர் வந்த அன்று சுகந்தி சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். வீடு நிறைய ஆட்கள். ரோல்ஸும் வடையும் சுட்டாள். நான் சோபாவின் நடுவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மருந்துக்கடை வந்தது. கதாநாயகி அழுதாள். அவள் தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோட்டுக் கை மருந்துப் பையை நீட்டியது. கடை போய்விட்டது. “அந்தக் கை இவரின்ரைதான்” என்று சுகந்தி விளக்கினாள். நான் கடித்த வடையைத் தட்டில் வைத்தேன். இங்கேயே பிறந்த என் மகள் வந்து தோளைத் தட்டினாள்.

“அப்பா, யுவர் எல்போ வாஸ் ரியலி குட்.”

விமான நிலையத்துக்கு

இது கொஞ்சம் வேறு விதமான கதை. மார்செலின் மனைவி காலமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அவருக்கு ஒரு படத்தில் நல்ல வேஷம் கிடைத்தது. மனைவியைப் புதைத்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்புகிற கிழவர். அவரை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும் டாக்ஸிக்காரன் நான். எனக்கு வசனம், “எந்த டெர்மினல், ஐயா?” மற்றதெல்லாம் அவருக்குத்தான்.

அவருக்கு வசனம் வரவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தும் ஒரே இடத்தில் நின்றுபோனார். “வசனத்தை வெட்டிவிடலாம், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்” என்று உதவி இயக்குநர் சொன்னது காருக்குள் கேட்டது. மார்செல் கைகளை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். “இனி என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்” என்று மெதுவாகச் சொன்னார்.

கடைசியாக ஒரு முறை எடுத்தார்கள். அதே இடத்தில் நின்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, கண்ணாடியில் அவரைப் பார்த்து, “அங்கே உங்களைக் கூட்டிக்கொண்டு போக யார் வருகிறார்கள், ஐயா?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்தார். “ஒருவரும் இல்லை. ஆனாலும் ஷேவ் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். தற்செயலாக யாராவது வந்துவிட்டால்?” என்றார். அதற்குப் பிறகு மறந்த வசனமெல்லாம் தானாக வந்தது. எனக்கு முன்னால் ரோடு கலங்கித் தெரிந்தது. நல்லகாலம், அந்தக் கார் லொறி இழுக்கிற ஒரு ட்ரெய்லரின் மேல் நின்றது. ஓட்டியது வேறு ஆள்.

இயக்குநர் இறங்கி வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். “அந்தக் கேள்வி ஸ்கிரிப்ட்டில் இல்லையே” என்றார். நான் வாயைத் திறக்கும் முன் மார்செல் பதில் சொன்னார்.

“டாக்ஸிக்காரன் என்றால் கேட்கத்தான் செய்வான்.”

அந்தக் காட்சி அப்படியே படத்தில் வந்தது.

புது வேஷம்

படம் வெளியாகிக் கொஞ்ச நாளில் பக்குரங்காவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து மார்செல் எனக்குப் போன் எடுத்தார். குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டு, உடம்புக்கு ஏதோ என்று பயந்துபோனேன். விஷயம் அதுவல்ல. ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் அவரைப் பிணமாகப் போட்டிருக்கிறார்களாம். வசனம் இல்லை, படுத்திருந்தால் போதும், மத்தியானச் சாப்பாடும் உண்டு என்று வெகு சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். அப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது, உனக்காகக் கேட்டுப் பார்க்கட்டுமா?”

பெரிய நடிகர்களுக்கு ஊர் தங்களை மறந்துவிடுமோ என்ற கவலை இருக்கும். ஊர் எங்களை முதலில் நினைவிலேயே வைத்துக்கொள்ளாததால் அந்த விஷயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.