ஸ்பூனில் சாப்பிட்ட சந்தவை

சந்தவை என்று சொன்னால் "ஓ, இடியாப்பமா?" என்று கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். நீங்கள் இரண்டு பேரும் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது. இடியாப்பம் என்பது மாவைப் பிழிந்துவிட்டு வேக வைப்பது. சந்தவை என்பது முதலில் வேக வைத்துவிட்டு, கை பொறுக்காத அந்தச் சூட்டிலேயே பிழிவது. ஆறிப்போனால் அச்சில் இறங்காது. ஆள் மேலே ஏறித் தொங்கினாலும் இறங்காது. இரண்டும் ஒன்றுதானே என்று சொல்கிறவன் ஒரு நாளும் பிழிந்து பார்த்திருக்க மாட்டான்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்தோம். அப்பா மில்லுக்குப் போனார். நான் ஒரு பம்ப் பட்டறையில் லேத் ஓட்டினேன். என் தங்கை, அதாவது உங்கள் அத்தை, பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்குக் கல்யாணம் முடித்த பிறகுதான் எனக்கு என்று வீட்டில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் சந்தவைதான். ஊற வைத்த அரிசியை கிரைண்டரில் ஆட்டி, இட்லி மாதிரி ஊற்றி வேக வைப்பார்கள். அம்மா தண்ணீரில் கையை முக்கி முக்கி அந்தச் சூட்டு இட்லியை எடுத்து அச்சுக்குள் போடுவார். மூன்று கால் வைத்த இரும்பு அச்சு அது. மேலே உள்ள பிடியைத் திருகுவது என் வேலை. பட்டறையில் ஆறு நாளும் இரும்போடு மல்லுக்கட்டுகிற எனக்கே தோள்பட்டை கழன்றுவிடும். தங்கை கீழே தட்டை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பிடிப்பாள். வெள்ளை நூலாக இறங்கும். முதல் தட்டுக்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும். அடுத்தது கடுகும் பச்சைமிளகாயும் தாளித்து எலுமிச்சை பிழிந்தது. அதற்கும் மேல் வயிற்றில் இடம் இருந்தால் தக்காளி. தேங்காய்ப்பால் விரல் இடுக்கில் வழிந்து முழங்கை வரைக்கும் போகும். அதை நக்கிக்கொண்டே சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிட்டால்தான் அது சந்தவை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டவுனிலேயே வளர்ந்தவர்கள், தெரிந்திருக்காது. பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிப்பார்கள், முறுக்கை ஒடித்து வாயில் போடுவார்கள், அதோடு சரி. இலை போட்டு உட்கார்ந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டார்கள் என்றால் பெண்ணைப் பிடித்துவிட்டது, பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வாயால் சொல்லக்கூட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள், மேட்டுப்பாளையத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு அப்படியே வந்தோம் என்று காலையிலேயே வந்து நின்றார்கள். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, தாய்மாமன், கூட்டி வந்த தரகர். எனக்குக் கையெல்லாம் மாவு. வேட்டியைக்கூட மாற்றவில்லை. தங்கை அவசரமாக முகம் கழுவி, சேலை மாற்றி, காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தாய்மாமன் மூக்கை உறிஞ்சினார். "ஏனுங்க, சந்தவைங்களா?"

"ஆமாங்க. சாப்பிடறீங்களா?" என்றார் அம்மா. மரியாதைக்குக் கேட்டார். 'இல்லீங்க, இருக்கட்டுங்க' என்றுதான் யாரும் சொல்வார்கள்.

"பின்னென்னுங்க, போடுங்க!" என்றார் அவர்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து தங்கையின் வளையல் சத்தம் கேட்டது. எனக்கு எங்கிருந்து அந்த பலம் வந்ததோ தெரியாது. மறுபடியும் அடுப்பு மூட்டி, மறுபடியும் ஊற்றி, ஒரே மூச்சில் அத்தனை பேருக்கும் பிழிந்து தள்ளினேன். தங்கை இன்னொரு தேங்காயை உடைத்துத் துருவிப் பால் எடுத்தாள்.

இலை போட்டாயிற்று. மாப்பிள்ளை பேன்ட்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, தேங்காய்ப்பாலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஸ்பூன் இருக்குங்களா?"

எங்கள் வீட்டில் கரண்டிதான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடிப் போய் ஒன்று வாங்கி வந்தேன். இலையில் போட்ட சந்தவையை ஸ்பூனால் கிளறி ஒரு மனிதன் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாதி நூல் ஸ்பூனிலிருந்து நழுவி இலையில் விழுந்தது. அப்படியும் இரண்டாம் தரம் வாங்கினார். தாய்மாமன் எத்தனை தரம் வாங்கினார் என்று கேட்காதீர்கள். அச்சுக்குத்தான் தெரியும்.

"அம்மணி கைப்பக்குவம் ஜோருங்க," என்று ஏப்பம் விட்டார். வாசலில் கை கழுவினார்கள். "வாரோமுங்க" என்று கிளம்பினார்கள். வீதியே பார்த்தது. அம்மா அன்றைக்குக் குடிதண்ணீர்க் குழாய்க்குப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "கை நனைச்சுட்டாங்க."

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு நாள் தரகர் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். வீட்டுக்கு வர முகம் இல்லை.

"தம்பி, அது வந்துங்க... அவிங்களுக்கு டவுன்லயே ஒரு எடம் அமைஞ்சிருக்குதுங்க."

"கை நனைச்சாங்களேங்க?"

"அதையெல்லாம் இப்ப யாருங்க தம்பி பாக்கறாங்க."

யார் பார்க்கிறார்களா? எங்கள் வீதி பார்த்தது. சும்மா பார்த்துவிட்டு வேண்டாம் என்று போயிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது நாலு வீட்டில் நடப்பதுதான். கை நனைத்துவிட்டு வேண்டாம் என்றால் பேச்சு வேறு மாதிரி போகும். "சாப்பிட்டவங்களே வேண்டாமுன்னுட்டாங்கன்னா, பொண்ணுகிட்ட என்னமோ இருக்குதுங்க." இந்த ஒரு வரி போதும். அடுத்து வருகிறவன் பஸ் ஸ்டாப்பிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். ரெண்டே நாளில் அந்த வரி என் காதுக்கே வந்தது. தங்கை குழாய்க்குப் போவதை நிறுத்திவிட்டாள். அம்மா போனார். போய்விட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வந்தார்.

எனக்கு மாப்பிள்ளை வேண்டாம். அவர்கள் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். 'பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க, நாங்கதான் பேச்சு மாறுனோம்' என்று தரகரிடம் சொல்லி அனுப்பினால் போதும், தரகர் ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து தாய்மாமனுக்குப் போன் போட்டேன். காந்திபுரத்தில் ஒரு ஹோட்டலுக்கு வரச் சொன்னார்.

அந்த ஹோட்டல் எனக்குப் பிடித்த ஹோட்டல். போனஸ் வாங்கிய நாளில் பட்டறைக்காரர்கள் சேர்ந்து போவோம். நெய் ரோஸ்ட்டை இலையில் வைத்தால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். சாம்பாரை வாளியோடு கொண்டுவந்து வேண்டாம் என்கிற வரைக்கும் ஊற்றுவார்கள். அந்த நாளிலும் வாசலிலேயே அந்த வாசம் என்னைப் பிடித்து இழுத்தது. வேலை முடிந்து நேராக வந்திருந்தேன், நல்ல பசி. தாய்மாமன் என்னைக் கேட்காமலே எனக்கும் ஒரு ரோஸ்ட் சொல்லிவிட்டார். தரகர் பக்கத்தில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க தம்பி, அப்பறம் பேசிக்கலாம்."

"பேசிப்போட்டு சாப்பிடறனுங்க," என்றேன்.

அவர் சாம்பார் வடையைப் பிய்த்துக்கொண்டே பேசினார். "தம்பி, உங்களுக்கு வருத்தமுன்னு தெரியுதுங்க. ஆனா நாங்க ஒண்ணும் முறை மீறலைங்களே."

"கை நனைச்சுப்போட்டுப் போனீங்களேங்க?"

"அது டிபனுதானுங்களே. சோறு உண்டாத்தானுங்க கணக்கு."

"இலை போட்டு, ஒக்காந்து, கை கழுவுனீங்க. வீதியே பாத்துதுங்க."

அவர் வடையை வாயில் போட்டு மென்றார். யோசித்தார். அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நாங்க பெரியவங்க சாப்பிட்டது பெரிசுங்களா தம்பி? மாப்பிள்ளையில்லீங்களா கை நனைக்கோணும்? அவருதான் ஸ்பூன்ல சாப்பிட்டாரேங்க. கை நனையவே இல்லீங்களே!"

தரகருக்குக் காபி புரைக்கேறிவிட்டது.

நம் ஊரில் சண்டை போட்டாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவோம். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பட்டறையில் முதலாளியோடு முட்டிக்கொண்ட நாளில்கூட நான் அதை விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். எழுந்து நின்று, சாம்பார் மணிக்கட்டு வரைக்கும் வழிகிற அந்தக் கையைக் காட்டி, "உன்ற கையப் பாரு. இதே கைதானே எங்கூட்லயும் நனைஞ்சுது? எந்தங்கச்சி பால் புழிஞ்சு ஊத்துனப்ப இந்த நாயம் எங்க போச்சு உனக்கு?" என்று கத்தினேன்.

என் அப்பா வயது அவருக்கு. ஹோட்டலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "தம்பி, மரியாதைங்க, மரியாதைங்க," என்று தரகர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ரோஸ்ட் வந்து, நெய் மினுமினுத்தபடி மேஜையில் கிடந்தது. சர்வர் பாவம், யாரிடம் பேசுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்து, "அண்ணா, பார்சல் பண்ணிரட்டுங்களா?" என்றான். நான் வெளியே வந்துவிட்டேன். டவுன் பஸ்ஸில் வயிறு எரிந்தது. பசியா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டுவார் என்று நினைத்தேன். என்னைத் திட்டினார்.

"பெரியவரைப் போயி 'நீ'ன்னா பேசிப்போட்டு வந்திருக்கற? பொண்ணு வெச்சிருக்கறவன் ஊட்டுல இப்படியொரு வாய் இருந்தா நாளைக்கு எவன் வருவான்? போயி ஒரு வார்த்தை, தெரியாம பேசிட்டனுங்கன்னு சொல்லிப்போட்டு வா."

"முடியாதுங்கப்பா."

தங்கை அதுவரைக்கும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "ஏண்ணா, நெசமாலுமே ஸ்பூனுன்னா சொன்னாங்க?" என்றாள்.

"ஆமா அம்மணி."

தங்கை எழுந்தாள். அம்மா கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு குழாய்க்குக் கிளம்பினாள். அவள் தனியாகப் போவது எனக்குப் பொறுக்காமல், மோட்டார் ரூம் பக்கம் போகிற மாதிரி நானும் பின்னால் போனேன். குழாயடியில் பேச்சு சட்டென்று நின்றது. ஸ்பூன் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா இழுத்தாள்: "ஏனம்மணி, அந்த மாப்பிள்ளை வீடு... என்னாச்சு கண்ணு?"

தங்கை குடத்தை வைத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"மாப்பிள்ளை கையி நனையலீங்களாமாக்கா. உங்கூட்டு ஸ்பூனுதான் நனைஞ்சுச்சாமா. அதனால பொண்ணு நானில்லீங்க, உங்கூட்டு ஸ்பூனுதான். நல்ல நாளாப் பாத்து நீங்களே கட்டிக்குடுத்துருங்க."

அந்த அக்கா ஒரு நொடி விழித்தாள். அப்புறம், "அடக் கருமமே! அந்தக் கோணல் ஸ்பூனுக்கா இத்தனை பெரிய எடம்?" என்றாள். குழாயடி முழுக்கச் சிரிப்பு. "சீரு என்னக்கா போடறீங்க?" "ரெண்டு தட்டு, ஒரு டம்ளருங்க." குடம் நிறைந்து வழிந்தது, நிறுத்தக்கூட ஆள் இல்லை.

அன்றோடு பேச்சு திரும்பிவிட்டது. 'பொண்ணுகிட்ட என்னமோ' என்பது போய், 'ஸ்பூன் மாப்பிள்ளை' என்பது வந்தது. அந்தப் பெயர் பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டித் துடியலூர் வரைக்கும் போனது. நான் கத்தியும் வாங்க முடியாத வார்த்தையை அவள் சிரித்து வாங்கிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிரித்துவிட்டு வந்தவள் குடத்தை இறக்கிவைத்த வேகத்தில் அதன் அடி நசுங்கிப்போனது. நான் பார்த்தேன். அந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அது விளையாட்டு, அவளுக்கு இல்லை.

அடுத்த வருஷம் சோமனூரில் தறி ஓட்டுகிற வீட்டிலிருந்து வந்தார்கள். அவர்களும் பஸ் ஸ்டாப்பில் விசாரித்துவிட்டுத்தான் வந்தார்கள். விசாரித்த இடத்தில் ஸ்பூன் கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் வாசலேறினார்கள். அந்த வீட்டு மாப்பிள்ளைதான் உங்கள் மாமா. முதலில் வாயால் சொல்லிவிட்டு, அப்புறம்தான் இலைக்கு உட்கார்ந்தார்கள்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். சோமனூர்ச் சம்பந்திக்கு எந்த வழியிலோ சொந்தம், ஒரம்பரை என்று அந்தத் தாய்மாமன் வந்து இறங்கினார். சிரித்தார். அப்பா தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தங்கை கல்யாணத்துக்கு வந்தவரை வாசலில் நின்று கூப்பிடாமல் இருக்க முடியாது.

"வாங்க," என்றேன்.

சாப்பிட்டுப் போங்க என்று சொல்லவில்லை. அவராகவே பந்திக்குப் போய் உட்கார்ந்தார். ஒப்புட்டுப் போளிக்கு நெய் கேட்டு வாங்கினார், ரசத்துக்கு இரண்டாம் தரம் ஆள் கூப்பிட்டார். அந்த வரிசைக்கு நான் பரிமாறப் போகவில்லை.